ரோசான்னாவின் நான்காம் பக்கம்

மேட்டூர் அணை
11-02-2024

அன்புள்ள அண்ணனுக்கு, ஜோதி எழுதிக்கொள்வது. நான் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் குலதெய்வம் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. உங்கள் மகள் கயல்விழிக்கும் என் மகன் இளவழகனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் இத்தாலிக்கு விமானம் ஏறினான். என் குடும்பத்தோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நீங்கள் சொன்னதை நான் அன்றைக்கும் குறையாக நினைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் அவன் உடல் வந்தபோது நீங்கள் வந்தீர்கள். தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தீர்கள். வாய் திறக்காமல் திரும்பிப் போனீர்கள். கடிதம் எழுதினால் அது பேச்சில் சேராது என்று பூசாரி சொன்னதாக அண்ணி சொல்லியனுப்பினார். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் இத்தாலியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. இளவழகன் வேலை பார்த்த மாட்டுப் பண்ணையின் சொந்தக்காரி ரோசான்னா என்ற அம்மாள் அனுப்பியது. அவனுடைய கம்பளிச் சட்டை, சவரக் கத்தி, மாட்டுத் தீவன கம்பெனி காலண்டர் ஒன்று. கூடவே நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம். முழுவதும் இத்தாலி மொழி, கையெழுத்து. மேலே ஒரு ஓரத்தில் மட்டும் ஆங்கிலத்தில், 'நான் அவனோடு இருந்தேன், எல்லாம் எழுதியிருக்கிறேன்' என்று ஒரு வரியும், அவர் போன் நம்பரும்.

ஜெராக்ஸ் கடை அன்பரசு முதல் பக்கத்தைப் போனில் படம் பிடித்துப் பார்த்தார். 'உங்கள் மகன் வெள்ளிக்கிழமைகளில் பாலாக இருந்தான்' என்று தமிழில் வந்தது. "ஏனுங்கக்கா, கூட்டெழுத்துங்க. மெசினுக்குப் பிடிபடலீங்க" என்றார். அடுத்த பக்கத்தைப் படம் பிடிக்க நான் விடவில்லை.

அண்ணா, அவன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். நுரையீரலில் சளி கட்டி இறந்தான் என்று ஏஜென்ட் சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளில் அவன் என்ன பேசினான், என்ன கேட்டான் என்பது இந்தத் தாளில் இருக்கிறது. அதை வேறு யாரோ படித்துவிட்டு, எனக்கு வலிக்காதபடி மாற்றிச் சொல்வதை நான் விரும்பவில்லை. நானே படிக்க வேண்டும். பிறகு அந்த அம்மாளிடம் என் வாயால் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சத்துணவுக் கூடத்துக் கணக்கைத் தவிர வேறொன்றும் எழுதியவள் இல்லை. நீங்கள் ரயிலில் கார்டாக இருந்து, முப்பது வயதுக்கு மேல் தெலுங்கும் இந்தியும் கற்றவர். பெரியவர்கள் ஒரு மொழி கற்றுக்கொள்ள எது சரியான வழி என்று எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
உங்கள் தங்கை,
ஜோதி

———

சூரமங்கலம்
19-02-2024

அன்புள்ள அம்மிணிக்கு, கந்தப்பன் எழுதுவது. நாங்கள் நலம். உன் கடிதம் சனிக்கிழமை பகல் 11.20-க்கு வந்தது. மூன்று முறை படித்தேன்.

நீ கேள்விப்பட்டது சரிதான். பூசாரி ராசுவிடம் நேரில் போய்க் கேட்டேன். "வாயில வாரதுதானுங்க பேச்சு. கையில எழுதறதெல்லாம் அதுல சேராதுங்க" என்றார். சத்தியத்தை என் மகள் தலைமேல் செய்துவிட்டேன். மீறினால் அவளைப் பிடிக்கும். அவள் தம்மம்பட்டியில் நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறாள். அதனால் நாம் இப்படியே எழுதிக்கொள்வோம்.

நான் தெலுங்கு கற்ற கதை உனக்கு உதவலாம். குந்தக்கல்லில் ஆறு வருஷம் இருந்தேன். கார்டுகள் தங்கும் ரன்னிங் ரூம் சமையல்காரர் பேசுவதை முதல் இரண்டு மாதம் சும்மா கேட்டேன். புரிகிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "என்னைக் கிண்டல் பண்றியா" என்று கரண்டியைத் தூக்கினார். பிறகு அவரே திருத்தினார். காது பழகாமல் வாய் பழகாது. ஆனால் எனக்குச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மேட்டூரில் இத்தாலி பேச யார் இருக்கிறார்கள்? சேலத்தில் வகுப்பு ஏதாவது நடக்கிறதா என்று விசாரிக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தில் எண்கள் ஏதாவது தெரிகிறதா? தேதி, மணி, இப்படி ஏதாவது. எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே. அதிலிருந்து தொடங்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

வெயில் தொடங்கிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணன்,
கந்தப்பன்

———

மேட்டூர் அணை
24-03-2024

அன்புள்ள அண்ணனுக்கு, வணக்கம். நான் நலம். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். சொட்டு மருந்தை நிறுத்த விடாதீர்கள்.

முதலில் போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டேன். இருபத்தைந்து நாள் விடாமல் படித்தேன். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்', 'சிறுமி தண்ணீர் குடிக்கிறாள்'. ஒவ்வொன்றும் சரியாகச் சொன்னால் மணி அடித்துப் பூத்தூவுகிறது. தொடர்ந்து இருபத்தைந்து நாள் என்று பாராட்டும் வந்தது. ஆனால் என் மகன் என்ன சாப்பிட்டான் என்று கேட்கத் தெரியவில்லை. நடந்து முடிந்ததைச் சொல்வதற்கு அது இன்னும் வரவேயில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் நடந்து முடிந்ததுதான்.

நீங்கள் விசாரித்து எழுதிய சௌமியா டீச்சரிடம் சேர்ந்துவிட்டேன். சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் மாடியில் வகுப்பு, சனிக்கிழமை தோறும். பதினொரு நர்ஸ் பிள்ளைகள். எல்லோரும் அங்கே வேலைக்குப் போகிறவர்கள். முதல் நாள் ஒருத்தி, "அக்கா, உங்களுக்கு எதுக்குங்க இத்தாலி? ரிட்டயர் ஆகி டூர் போறீங்களா?" என்று கேட்டாள். "ஒரு கடுதாசி படிக்கோணுஞ் சாமி" என்றேன். "லவ் லெட்டருங்களா" என்று இன்னொருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

தாரமங்கலம் வழி பஸ்ஸில்தான் வருகிறேன். ஜங்ஷன் தாண்டும்போது உங்கள் தெரு முனை தெரிகிறது.

எண்கள் கேட்டிருந்தீர்கள். தேதியைத் தவிர அதிகம் இல்லை. நான்காம் பக்கத்தின் நடுவில் '3' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறார். மூன்று என்ன என்று தெரியவில்லை.

உங்கள் தங்கை,
ஜோதி

———

சூரமங்கலம்
06-04-2024

அம்மிணிக்கு,

நலம். அண்ணி இப்போது கண்ணாடி இல்லாமலே அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

உன் படிப்பைப் பற்றி யோசித்தேன். செயலி விளையாட்டுச் சாமான். வகுப்பு நல்லது, ஆனால் வாரம் ஒரு நாள் போதாது. அடித்தளம் வேண்டும். எனவே இலக்கணப் புத்தகம் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆங்கில விளக்கத்தோடு 612 பக்கம். தினம் இரண்டு பக்கம் படித்தால் அடுத்த பிப்ரவரியில் முடியும். முதலில் எண்கள், நிறங்கள், கிழமைகள். பிறகு வினைச்சொல் வாய்பாடு. அதன் பிறகு வாசிப்பு.

அதுவரை அந்தக் கடிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு படித்தால் தப்பாகப் புரியும். ஒரு வருஷம் பொறுத்தால் என்ன? போனவன் திரும்பி வரப்போவதில்லை. இதை வருத்தப்படுத்த எழுதவில்லை.

ரயில்வேயில் புதிதாக வந்தவனைப் பத்து நாளில் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். விதிப் புத்தகம் முழுவதும் படித்துப் பரீட்சை எழுதிய பிறகுதான் பச்சைக் கொடியைக் கையில் கொடுப்பார்கள்.

அண்ணன்,
கந்தப்பன்

———

மேட்டூர் அணை
12-05-2024

அன்புள்ள அண்ணனுக்கு, நான் நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். கயலுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சொல்லலாம் அல்லவா? அவள் சத்தியம் செய்யவில்லை.

புத்தகம் வந்தது. உங்கள் அக்கறைக்கு என்ன சொல்வது. இருபது நாள் முயன்றேன். காலையில் மனப்பாடம் செய்த வாய்பாடு மத்தியானம் சோறு வடிப்பதற்குள் போய்விடுகிறது. சௌமியா டீச்சரிடம் சொன்னேன். "சின்னப் பசங்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஏறிக்குங்க. பெரியவங்களுக்குத் தேவைப்படறது மட்டும்தான் ஏறும். உங்களுக்கு எது வேணுமோ அதுல இருந்தே ஆரம்பிங்க" என்றார். எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

அதனால் பீரோவைத் திறந்துவிட்டேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். தினம் கடிதத்தில் மூன்று வரி. ஒவ்வொரு எழுத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, பிரித்துப் பெரிதாக எழுதுகிறேன். பிறகு வார்த்தை வார்த்தையாக வெட்டித் துண்டுச் சீட்டாக்கி ஒரு சம்படத்தில் போட்டுக் குலுக்குகிறேன். சனிக்கிழமை டீச்சர் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உச்சரிப்பார். நான் போனில் பதிவு செய்துகொள்வேன். வரிசை கலைந்திருப்பதால் அவருக்கு என்ன கடிதம் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து சீட்டுகளை மறுபடி வரிசையாக அடுக்கி, அகராதி பார்த்து, உரக்கப் படிக்கிறேன். அர்த்தம் தெரியும் வரை அதையே கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன். நீங்கள் சொன்ன ரன்னிங் ரூம் சமையல்காரர் வழிதான் இது. புத்தகத்தையும் விடவில்லை. ஒரு சீட்டில் சந்தேகம் வந்தால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டுகிறேன். அப்படிப் புரட்டிய பக்கம் மறப்பதில்லை.

முதல் பக்கம் முடிந்துவிட்டது. அண்ணா, அவன் கன்றுக்குட்டிகளை எல்லாம் 'சாமி' என்றுதான் கூப்பிடுவானாம். 'வா சாமி, குடி சாமி.' அது கன்றுக்குட்டிக்குத் தமிழ் வார்த்தை என்று நினைத்து இப்போது பண்ணையில் எல்லோருமே அப்படிக் கூப்பிடுகிறார்களாம். இதை அண்ணியிடம் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் தங்கை,
ஜோதி

———

சூரமங்கலம்
20-06-2024

அம்மிணிக்கு,

உன் கடிதத்துக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில். முழங்கால் மறுபடி வீங்கிவிட்டது. உட்கார்ந்து எழுத முடியவில்லை.

சாமி என்று எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீ வேகமாகப் போகிறாய். துண்டுச் சீட்டு வழி ஆபத்தானது. ஒரு சீட்டு இடம் மாறினால் யாரோ செய்ததை வேறு யாரோ செய்ததாகப் படிப்பாய். அப்புறம் அதையே நம்பிக்கொண்டிருப்பாய். கடைசி இரண்டு பக்கத்தை மட்டுமாவது நிறுத்தி வை. அல்லது என்னிடம் அனுப்பு. இங்கே ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கும் மாதேஸ்வரனின் மருமகள் வெளிநாட்டு மொழி படித்தவளாம். அவளிடம் காட்டி, தெளிவாக எழுதி வாங்கி அனுப்புகிறேன்.

அண்ணன்,
கந்தப்பன்

———

மேட்டூர் அணை
21-07-2024

அன்புள்ள அண்ணனுக்கு, முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டுகிறீர்களா? அண்ணி நலமா? நான் நலம். அணை நிரம்பப் போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். ஊரில் கூட்டம்.

கடிதத்தை யாரிடமும் அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் பக்கம் முடிந்தது. டிசம்பர் மூன்றாம் தேதி அவனுக்குக் காய்ச்சல். 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு இரண்டு நேரம் பால் கறந்திருக்கிறான். நான்காம் தேதி காலையில் மூச்சு வாங்கியது. ரோசான்னா தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் வண்டியை அழுக்காக்கிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டானாம். இந்த வரிக்கு எனக்கு நான்கு நாள் ஆனது. வார்த்தைகள் கடினமானவை இல்லை.

ஒரு மாற்றம் சொல்ல வேண்டும். இப்போது தமிழில் மாற்றாமலே சில வரிகள் புரிகின்றன. 'ஆஸ்பத்திரி', 'மூச்சு', 'அம்மா' இவை கண்ணில் பட்டதும் நெஞ்சில் இடிக்கின்றன. டீச்சரிடம் சொன்னேன். "இதுதானுங்க மொழி வாரது" என்றார். நர்ஸ் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

பேசுவதற்கும் பழகுகிறேன். ரோசான்னாவிடம் கேட்க ஐந்து கேள்வி எழுதியிருக்கிறேன். அணைப் பூங்கா ரோட்டில் காலை நடக்கும்போது ஒவ்வொன்றையும் முப்பது தடவை சொல்கிறேன். என் கேள்வி பிரச்சினை இல்லை. அவர் சொல்லும் பதில் புரிய வேண்டுமே. அதனால் அவர் என்னவெல்லாம் சொல்லலாம் என்று நானே யோசித்து, ஒவ்வொரு பதிலையும் டீச்சர் குரலில் வாங்கி வைத்திருக்கிறேன். கெட்ட பதில்களையும்தான்.

நான்காம் பக்கம் மட்டும்தான் பாக்கி. முடித்துவிட்டுப் போன் செய்வேன்.

உங்கள் தங்கை,
ஜோதி

———

மேட்டூர் அணை
01-09-2024

அண்ணனுக்கு,

ஜூலையில் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நலமாக இருக்கிறீர்களா?

நான் நலம். படிப்பு நடக்கிறது. நீங்கள் எனக்கு எழுத வேண்டியது என்று ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஜோதி

———

சூரமங்கலம்
14-09-2024

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் பரவாயில்லை. ஜங்ஷன் பக்கம் சாக்கடை வேலை நடப்பதால் ஒரே தூசி.

எழுத வேண்டியது என்று தனியாக ஒன்றும் இல்லை. நீ நலமாக இருந்தால் போதும். நான்காம் பக்கம் எதுவரை வந்திருக்கிறது?

அண்ணன்,
கந்தப்பன்

———

சூரமங்கலம்
03-11-2024

அம்மிணிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. தீபாவளிக்கும் ஒரு வரி இல்லை. நீ படித்துவிட்டாய் என்று நினைக்கிறேன். படிக்கவில்லை என்றாலும் இதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பதினொரு மாதம் ஆகப்போகிறது.

2023 டிசம்பர் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நான் ஜோலார்பேட்டையிலிருந்து சரக்கு வண்டி கொண்டுவந்து, காலை 7.35-க்கு வீடு திரும்பினேன். சாப்பிட்டுத் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்தேன். உன் அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மாலை 4.12-க்குப் போன் அடித்தது. நம்பர் 39 என்று தொடங்கியது. இத்தாலி நம்பர் என்று எனக்குத் தெரியும். அவன் அங்கே போய்ச் சேர்ந்ததும் உன் வீட்டுக்காரரின் தம்பி அவன் நம்பரை எனக்கும் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று வருஷத்தில் அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

டிவி ஸ்டாண்டில் போன் கிடந்தது. அடித்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். 4.15-க்கு மறுபடி அடித்தது. திருப்பிக் கவிழ்த்து வைத்தேன். 4.50-க்கு மூன்றாவது தடவை. பீரோவுக்குள் துணிக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகும் சத்தம் கேட்டது. உன் ரோசான்னா அடிக்கோடு போட்டிருக்கும் மூன்று அதுதான். நீ அதை எழுதிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் ஏன் உன்னைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டான் என்பதும் எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் கெட்ட சேதி முதலில் தாய்மாமன் காதுக்குத்தான் போகும். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வான். உன் வீட்டுக்காரர், மாப்பிள்ளை குருமூர்த்தி, அணை ஆபீசில் விழுந்து உயிர் விட்ட அன்று உன்னிடம் வந்து சொன்னது நான்தான். நீ விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டதும் நான்தான். இளவழகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா தனியாக வீட்டில் இருக்கும்போது இதைப் போனில் கேட்கக் கூடாது, மாமன் போய்ச் சொல்லட்டும் என்று நினைத்திருப்பான். நான் எடுத்திருந்தால் ஐந்தரைக்கு மேட்டூர் பஸ் ஏறியிருப்பேன். நீ அவனோடு பேசியிருப்பாய். அவன் உயிர் மறுநாள் காலையில்தான் போனது. உனக்கு ஒரு இரவு இருந்தது.

என் மகள் தலைமேல் செய்த சத்தியம் என்றுதான் எடுக்கவில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவன் காரியம் முடிந்த எட்டாம் நாள், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. பேச மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன். கேட்க மாட்டேன் என்று செய்யவில்லையே. எடுத்துக் காதில் வைத்து, வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். கையில் எழுதினால் சேராது என்று இப்போது போய்க் கேட்டவனுக்கு, காதால் கேட்டால் சேராது என்று அப்போது தோன்றவில்லை.

புத்தகம் அனுப்பியது, நிறுத்தி வை என்றது, மாதேஸ்வரன் மருமகள் என்றது, எல்லாம் நீ அந்தப் பக்கத்துக்கு வராமல் இருக்கத்தான். மாதேஸ்வரனுக்கு மருமகளே இல்லை. உன் வழிதான் சரியான வழி. அது எவ்வளவு சரி என்று ஒவ்வொரு கடிதத்திலும் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது.

கயல் ஏழு மாதக் கர்ப்பம். அதனால் இப்போதும் நேரில் வந்து சொல்லாமல் எழுதுகிறேன். இதிலும் நான் அவளைத்தான் முன்னால் நிறுத்துகிறேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.
கந்தப்பன்

———

மேட்டூர் அணை
05-12-2024

உங்கள் கடிதம் கிடைத்தது. மேலே என்ன எழுதித் தொடங்குவது என்று தெரியாததால் இப்படித் தொடங்குகிறேன்.

நான்காம் பக்கத்தை ஆகஸ்ட் பத்தாம் தேதியே முடித்துவிட்டேன். 'அவன் தன் அம்மாவின் அண்ணனை 3 முறை கூப்பிட்டான், அவர் எடுக்கவில்லை' என்று இருந்தது. சீட்டு இடம் மாறியிருக்குமோ என்று பலமுறை கலைத்து அடுக்கினேன். எப்படி அடுக்கினாலும் நீங்கள்தான் வந்தீர்கள். செப்டம்பரில் உங்களுக்கு ஒரு வழி திறந்து வைத்தேன். தூசியைப் பற்றி எழுதினீர்கள்.

எனக்கு ஒரு இரவு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். அன்றைக்கு நான் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் மனசு எப்போது ஆறும் என்று தெரியவில்லை. ஆறிவிட்டதாக எழுதவும் மாட்டேன். நானாக எழுதும் வரை எனக்குக் கடிதம் போட வேண்டாம். கயலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் தலைமேல் யாரும் இனி எதையும் வைக்க வேண்டாம்.

இன்று மத்தியானம் ரோசான்னாவோடு பேசினேன். பத்தொன்பது நிமிஷம். என் கேள்விகள் அவருக்குப் புரிந்தன. இரண்டு இடத்தில் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன், சொன்னார். வலி இருந்ததா என்று கேட்டேன். மூச்சு மட்டும்தான் சிரமம் என்றார். கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன். சூப்பில் ரொட்டியை நனைத்து மூன்று வாய் ஊட்டினாராம். பயந்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அந்தப் பதிலையும் நான் பழகி வைத்திருந்தேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு என் சீட்டில் ஆறாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது. அதன் பதிலை நான் என்னோடு வைத்துக்கொள்ள முடியாது. அது உங்களுக்கு அவன் விட்டுப்போனது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போனை எடுக்காதபோது அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

உங்கள் சத்தியம் அவனுக்குத் தெரியும். நீங்கள் ஏன் எடுக்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு அந்நிய மனுஷியிடம் அவன் தன் மாமனை விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்காதபோது ரோசான்னா, 'என்ன மனுஷர் அவர்' என்று கோபப்பட்டாராம். அவன் கையைக் காட்டி அவரை நிறுத்தியிருக்கிறான். மூச்சு விட்டு விட்டு, இத்தாலியில்தான் சொன்னானாம். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"மாமா ரயில்ல கார்டுங்க. இப்ப வண்டியில இருப்பாரு. காலையில எறங்குனதும் எடுத்துருவாரு."

ஜோதி